ஒன்பது இருக்கை விமானத்துக்கு மூட்டை கட்டும் சாஸ்திரம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் மூன்றாவது பெரும் சாதனைக்காக வெகுகாலம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. கேமராச் சாமான்களைச் சின்ன விமானத்துக்கு ஏற்றபடி மூட்டை கட்டுவது எப்படி என்ற அந்தச் சாதனை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், சாப்பாட்டு மேசையின் மேல், முப்பத்தெட்டு நாட்களில் நிகழ்ந்து முடிந்தது. அந்த முப்பத்தெட்டு நாளும் அந்த வீட்டில் யாரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மகத்தான காரியங்களுக்கு இந்த மாதிரிச் சிறு தியாகங்கள் தேவைப்படும். தியாகம் செய்தவர்களைக் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சாதித்தவர் எடையளவு அலுவலகத்தில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தராசுத் தட்டு ஐந்து கிராம் பொய் சொன்னாலும் அவருக்குத் தெரிந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் இப்படி நியாயத்தைக் காப்பாற்றியவர், மீதி இரண்டு நாள் பறவைகளைப் படம் எடுத்தார். அவர் மனைவி அஞ்சலகத்தில் பார்சல் கவுன்டரில் இருந்தாள். ஊரார் கட்டிக்கொண்டு வரும் மூட்டைகளை வாங்கி, நிறுத்து, கட்டு சரியில்லையென்றால் பிரித்துத் திரும்பக் கட்டி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கை பட்ட ஒரு பார்சல்கூட வழியில் அவிழ்ந்ததாகப் புகார் வந்ததில்லை. ஆனால் அவள் செய்தது ‘உத்தியோகம்’. ஆய்வாளர் செய்தது ‘கலை’. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மனைவிக்கு ஒரே ஓர் அக்கா. கடலுக்கு மேல் முக்கால் மணி நேரம் பறந்து போக வேண்டிய ஒரு தீவில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். தனி ஆள். ‘ஈரத் தரை, கவனம்’ என்ற பலகையைத் தாழ்வாரத்தில் எடுத்து வைக்கப் போனவர், வைப்பதற்கு முன்பே வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழக வேண்டும், தாமதித்தால் கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே வாக்கர் வேறொரு நோயாளியோடு வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கூட இருந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாளும், கட்டுப் பிரித்த மறுநாள் சனிக்கிழமை, மகளின் பிரசவத்துக்குக் கிளம்புகிறார். ஆகவே வெள்ளிக்கிழமை தங்கை அங்கே போய் இறங்கியாக வேண்டும், கையில் ஒரு வாக்கரோடு. கடல் சரியில்லாத பருவம் என்பதால் படகை நிறுத்தியிருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது இருக்கை விமானம் ஒன்று போய்வந்தது. அதுதான் வழி.

இதையெல்லாம் அவள் சொன்னபோது ஆய்வாளர் ஆடிப்போனார். எந்தத் தீவு என்று மறுபடி கேட்டார். அவள் சொன்னாள். அக்கா பதினாறு வருடமாக இருக்கும் தீவு அது.

“அங்கதான் அந்த வெள்ளைப் புருவ மீன்கொத்தி இருக்கு” என்றார். “ஆறு வருஷமா நான் அலையறேன். உங்கக்கா ஒரு வார்த்தை சொன்னதில்ல பாரு.”

கால் முறிந்த செய்தி அவரை அவ்வளவு ஆழமாகத் தொட்டுவிட்டது. தானும் உடன் வருவதாக அங்கேயே அறிவித்தார். தம்பியும் வர்றாரா, நல்லது, பேச்சுத்துணைக்கு ஆச்சு என்று அக்கா போனில் சந்தோஷப்பட்டார். மனைவி மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தன் பெயரில் இரண்டு டிக்கெட் எடுத்தாள்.

டிக்கெட்டோடு ஒரு படிவம் வந்தது. பெரிய விமானத்தில் பெட்டியை மட்டும்தான் நிறுப்பார்கள். ஆள் எவ்வளவு கனம் என்று யாரும் கேட்பதில்லை. சின்ன விமானம் அந்த நாகரிகமெல்லாம் பார்ப்பதில்லை. அதற்குச் சதையும் சாமானும் ஒன்றுதான். இரண்டு பேரும் அவர்களுடைய சுமையும் சேர்த்து நூற்று அறுபது கிலோவைத் தாண்டக் கூடாது என்றது படிவம். ஆய்வாளர் எழுபத்தாறு கிலோ. மனைவியிடம் அவள் எடையைக் கேட்டார்.

“ஐம்பத்துநாலு.”

“அவ்வளவுதானா?” அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ரொம்ப நல்லது.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் தோற்றத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆக, ஆட்கள் போக மீதி முப்பது கிலோ. மனைவியின் பை ஆறு கிலோ, வாக்கர் மூன்று. இருபத்தொன்று மிச்சம். கேமராச் சாமான்களோ, மிகமிக அத்தியாவசியமானவற்றை மட்டும் எடுத்து வைத்தும், இருபத்தெட்டு. அவற்றுள் தலையாயது நீளமான லென்ஸ் ஒன்று. எடை மூன்றேகால் கிலோ. அதை அவர் சார்ந்திருந்த பறவைப் படக் கலைஞர் மன்றத்தில் யாரும் ‘அது’ என்று சொல்வதில்லை. ‘பெரியவர்’ என்பார்கள். பெரியவருக்கு வேர்க்குமாம், ஈரக்காற்று ஆகாதாம். வீட்டில் அவருக்குத் தனி அலமாரி இருந்தது. மனைவியின் துணிகள் இருந்த அலமாரிதான், இப்போது தனியாகிவிட்டது.

ஏழு கிலோ பற்றாக்குறையை விவாதிக்க மன்றம் அவசரமாகக் கூடியது. டயர் கடைக்கு மேலே உள்ள அறைதான் மன்றம், மொத்தம் பதினொரு உறுப்பினர்கள். அன்று ஏழு பேர் வந்திருந்தார்கள், அதாவது ‘திரளாக’. செயலாளர் ஒரு பல் டாக்டர். நிகழ்ச்சிநிரலில் ஒரே பொருள்: ‘சிறு விமானப் பயணமும் சுமை நெருக்கடியும்’. ஒருவர் பெரியவரை விட்டுவிட்டுப் போகலாமே என்றார். அவர் சொன்னதைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கினார்கள். இன்னொருவர் அக்காவைப் பார்க்கப் போவதை ஒத்திப்போடலாமா என்று கேட்டார். அது பரிசீலிக்கப்பட்டது. கால் கட்டுப் பிரிக்கும் தேதி டாக்டரின் கையில் இருப்பதால் மன்றத்தால் அதில் தலையிட இயலாது என்று வருத்தத்தோடு முடிவாயிற்று.

கடைசியில் பல் டாக்டர்தான் வழி சொன்னார். எடையைச் சாமானில் குறைக்க முடியாவிட்டால் ஆளில் குறைக்கலாமே. ஆய்வாளரின் வயிற்றை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு லென்ஸும் இரண்டு பேட்டரியும் சும்மா உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. ‘கொழுப்பிலிருந்து கண்ணாடிக்கு’ என்ற திட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

திட்டம் அன்று மாலையே அமலுக்கு வந்தது. ஆய்வாளர் காலையில் கஞ்சி, மதியம் கீரை, ராத்திரிக்கு அரை வெள்ளரிக்காய் என்று இருந்தார். இருந்தார் என்பது எளிது. கீரையை ஆய்வது, அரைப்பது, உப்பு இருக்கிறதா என்று அவர் மூன்று முறை கேட்கும்போது பதில் சொல்வது எல்லாம் வேறொருவர் பொறுப்பில் இருந்தது. ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தாள் ஒட்டினார். இடப் பக்கம் உடலிலிருந்து போனது, வலப் பக்கம் பைக்குள் வந்தது. முதல் கிலோ போனதும் பெரியவரின் உறையும் மூடியும் உள்ளே வந்தன. மூன்றாவது கிலோ போனபோது ட்ரைபாட் வந்தது. நாலாவது கிலோவின்போது ஒரு நாள் தராசு சோதிக்கப் போன இடத்தில் மயக்கமாக வந்தது. மளிகைக் கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார். பிற்பாடு அவருடைய தராசில் பதினைந்து கிராம் குறைந்தது கண்டுபிடிக்கப்பட்டு, நன்றி பாராட்டாமல் நோட்டீஸ் கொடுக்கப்பட்டது.

“நீயும் ரெண்டு கிலோ குறைச்சா நல்லாத்தான் இருக்கும்” என்று ஒரு நாள் மனைவியிடம் யோசனை சொன்னார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேசை மேல் அடுக்கியிருந்த லென்ஸ் துடைக்கும் துணிகளைப் பார்த்தபடி, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

அவள் பதில் சொல்லாமல் இருப்பதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. சில சமயம் ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் சமையலறைக் குழாய் பத்துச் சொட்டுச் சொட்டிவிடும். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று ஆய்வாளர் போய்ப் பார்த்ததில்லை. மன்ற அனுபவம் உள்ளவர் ஆகையால், ஆட்சேபம் எழவில்லை என்றால் தீர்மானம் நிறைவேறியது என்றே எடுத்துக்கொள்வார். இப்படி அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடத் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறிக் கிடந்தன.

ஆறு கிலோவை உடல் கொடுத்தது. ஏழாவது கிலோவை நுட்பம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்தார். சட்டைக் காலரில் இருந்த துணிப் பட்டிகளைக் கத்தரித்தார். பறவைப் புத்தகத்தில் மீன்கொத்திகள் இருந்த நாலு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மற்றப் பறவைகளை வீட்டிலேயே விட்டார். சோப்பை மூன்றாக வெட்டினார். அப்படியும் அறுநூறு கிராம் மீந்தது. அப்போது அவர் பார்வை மனைவியின் பை மேல் விழுந்தது.

அவள் அந்தப் பையைக் கால் மணி நேரத்தில் கட்டி மூலையில் வைத்திருந்தாள். அவர் அதைப் பிரித்துத் ‘தணிக்கை’ செய்தார். ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி இது என்ன என்றார். அக்காவுக்கு மருந்து என்றாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவருக்கு ஊரிலிருந்து மருந்தா என்று வியந்தார். அவளுடைய கம்பளிச் சால்வையை எடுத்துப் பெரியவரைச் சுற்றினார். சால்வை மென்பொதியாகப் பதவி உயர்வு பெற்றது. அதனால் பைக்குள் இருந்த ஃபோம் அட்டையில் கொஞ்சத்தை வெட்டி எறிய முடிந்தது, அறுநூறு கிராமும் தீர்ந்தது. ஆனால் கை அதோடு நிற்கவில்லை. வாக்கரைத் தூக்கிப் பார்த்தார். மடக்கி, உள்ளங்கையில் கனம் பார்த்து, ஒரு விஞ்ஞானியின் முகத்தோடு திரும்பினார்.

“இது எதுக்கு தனியா?” என்றார். “ட்ரைபாட் இருக்கே.”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“வாக்கருக்கு நாலு காலு. ட்ரைபாடுக்கு மூணு. ஒண்ணுதான் கம்மி. உயரம் கூட்டலாம், குறைக்கலாம். வாக்கர்ல அதெல்லாம் முடியாது. அக்கா அதைப் பிடிச்சுட்டு நடக்கட்டும்.”

“எவ்வளவு பாரம் தாங்கும்?”

“முப்பது கிலோன்னு போட்டிருக்கு.”

“அக்கா அறுபது கிலோ.”

“மீதி முப்பதை அவங்க கால்ல போட்டுக்கட்டும். அதுதானே பயிற்சி.” இதைச் சொன்னபோது அவருக்கே தன்மேல் மரியாதை கூடிற்று. “நான் படம் எடுக்கறப்ப மட்டும் அவங்க உக்காந்திருந்தாப் போதும்.”

“நீங்க எப்ப எப்ப எடுப்பீங்க?”

“விடியற நேரத்துலேருந்து இருட்டற வரைக்கும்.”

குழாய் பத்துச் சொட்டுக்கு மேல் சொட்டியது. தீர்மானம் நிறைவேறியது என்று எண்ணி ஆய்வாளர் தூங்கப் போனார். காலையில் எழுந்து பார்த்தால் வாக்கர் பழைய துணியில் சுற்றி, ஓரம் தைத்து, கயிறு போட்டுக் கட்டப்பட்டு, மேலே விலாசம் எழுதப்பட்டிருந்தது. எட்டு முடிச்சுகள். பார்சல் கவுன்டர் முடிச்சுகள். அரை மணி நேரம் நகத்தால் நெண்டிப் பார்த்துவிட்டு, வாக்கரைப் பட்டியலில் ‘தற்காலிகமாக’ அனுமதித்தார்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆய்வாளர் எழுபது கிலோவைத் தொட்டார். கன்னம் ஒட்டி, பெல்ட்டில் புதுத் துளை போட்டு, குரலே மெலிந்திருந்தது. படிவத்தை நிரப்பி விமான நிறுவனத்துக்கு அனுப்பினார்: கணவர் எழுபது, மனைவி ஐம்பத்துநாலு, கேமராப் பை இருபத்தேழு, மற்றவை ஒன்பது. ஆக நூற்று அறுபது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மன்றத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சாதாரண மனிதன் அத்தோடு நின்றிருப்பான். பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் பல் டாக்டர் ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பதினாலு பைகள் இருந்தன. போட்டுக்கொண்டிருக்கும் உடுப்பை எந்த விமான நிலையத்திலும் நிறுக்க மாட்டார்கள் என்பது மன்றத்தில் பல காலமாக நிலவிவரும் கொள்கை. பெரிய விமானங்களில் பல தடவை ‘நிரூபிக்கப்பட்டது’. ஆய்வாளர் கண்கலங்கினார். இடமில்லாமல் ஒதுக்கி வைத்திருந்த சின்ன லென்ஸ்கள் மூன்று, பிளாஷ், பைனாகுலர், பத்து பேட்டரி, சார்ஜர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஜாக்கெட்டுக்குள் குடியேறின. பாதுகாப்பு கருதிக் கேமராக்கள் இரண்டையும் பையிலிருந்து நெஞ்சுப் பக்கத்துக்கு மாற்றினார். பையில் காலியான இடம் காலியாக இருக்கக் கூடாது என்று அங்கே அதே கனத்துக்கு வேறு சாமான் வந்தது. ஜாக்கெட் ஒன்பது கிலோ ஆயிற்று. உடம்பில் குறைத்த ஆறு கிலோவைப் படிவத்தில் ஒரு முறை செலவழித்துவிட்டு, அதே ஆறு கிலோவை உடம்பின் மேல் இன்னொரு முறை செலவழித்த முதல் எடையளவு ஆய்வாளர் அவராகத்தான் இருக்க வேண்டும். மேலே மூன்று கிலோ வட்டி. கையை முழுக்க இறக்க முடியாததால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்து வைத்தபடியே நடந்து பழகினார்.

வெள்ளிக்கிழமை. விமான நிலையம் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு கவுன்டர், அதன் பக்கத்தில் ஆள் ஏறி நிற்கும்படியான முள் தராசு. கவுன்டரில் இருந்த பெண்ணே டிக்கெட் பார்த்தாள், அறிவிப்பும் செய்தாள், ஓடுபாதையில் மேய்ந்த ஆட்டையும் விரட்டிவிட்டு வந்தாள். விமானி சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுமைகளைத் தானே தூக்கிப் போய் ஏற்றிக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பயணிகளும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கேமராப் பை முதலில் நிறுக்கப்பட்டது. இருபத்தேழு, துல்லியம். கனமானது அடியில் இருக்க வேண்டும் என்று விமானி அதைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் கீழே வைத்து, மேலே மற்றவர்களின் பெட்டிகளை அடுக்கினார். மனைவி தராசில் ஏறினாள். ஐம்பத்துநாலு. அவள் பையும் வாக்கரும் ஒன்பது.

ஆய்வாளர் ஏறினார்.

“சார், படிவத்துல எழுபதுன்னு போட்டிருக்கீங்க” என்றாள் கவுன்டர் பெண்.

“நான் எழுபதுதான்.”

“முள்ளு எழுபத்தொன்பதுல நிக்குது.”

“மீதி ஜாக்கெட்.”

“அதைக் கழட்டி வைங்க சார்.”

“கழட்டினா அது சாமானாயிடும்மா. போட்டிருக்கிற வரைக்கும் உடுப்பு.”

கவுன்டர் பெண் இதை மரியாதையோடு யோசித்துப் பார்த்தாள். “புரியுது சார். ஆனா அதை விமானத்துக்கு எப்படி எடுத்துச் சொல்றது?”

ஆய்வாளர் சாதாரணப் பயணி என்ற நிலையிலிருந்து விலகி, அரசாங்கமாக மாறினார். அடையாள அட்டையை எடுக்கப் பதினாலு பைகளையும் தேட வேண்டியிருந்ததால் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இந்தத் தராசு பழுதுள்ளது என்று தாம் சந்தேகிப்பதாகவும், முத்திரை இல்லாத தராசைப் பயன்படுத்துவது குற்றம் என்றும், தேவைப்பட்டால் இதை இங்கேயே பறிமுதல் செய்ய நேரிடும் என்றும் தெரிவித்தார். கவுன்டர் பெண் பயந்துபோய், தராசின் பக்கவாட்டில் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தாள். தகட்டில் முத்திரை இருந்தது. காலக்கெடு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. ஆய்வாளர் ஜாக்கெட்டோடு குனிய முடிந்த அளவுக்குக் குனிந்து பார்த்தார். அழகான கையெழுத்து. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

“சாரோடதா?” என்றாள் அவள்.

அந்தத் தராசைப் பற்றி மேற்கொண்டு விவாதம் எதுவும் நடக்கவில்லை.

விமானி வந்தார். வெயில் ஏறிவிட்டது, ஒன்பது கிலோவை இறக்காமல் வண்டியை எடுக்க மாட்டேன், பத்து நிமிடம் தருகிறேன், எதை இறக்குவது என்று சொல்லுங்கள் என்றார். ஆய்வாளர் ஜாக்கெட்டின் ஒவ்வொரு பையாகத் தொட்டு அதிலிருந்த பொருளின் அவசியத்தை விளக்கினார். பிளாஷ் இல்லாமல் நிழலில் நிற்கும் பறவையை என்ன செய்வது? பத்தாவது பேட்டரி இல்லையென்றால் ஒன்பது பேட்டரியும் தீர்ந்துபோன பிறகு என்ன கதி? ஐந்தாவது பைக்கு வந்தபோது திடீரென்று நின்றார். உதடு எண்ணியது. முகம் மலர்ந்தது.

“ஒன்பதுதானே வேணும்? சரியா ஒன்பது இருக்கு” என்றார். “இவ பை ஆறு. வாக்கர் மூணு.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்:

“செவ்வாக்கிழமை விமானத்துல போட்டுவிடச் சொல்லலாம். நாலு நாள்தானே. அதுவரைக்கும் அக்காவுக்கு ட்ரைபாட் இருக்கு.”

மின்விசிறி சுற்றியது. கவுன்டர் பெண் முத்திரை மையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். விமானி தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் படித்தார். மனைவி தராசைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் இன்னும் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். முள் எழுபத்தொன்பதில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆட்சேபம் எதுவும் எழவில்லை என்று ஆய்வாளர் கணக்கிட்டு, வாக்கரை எடுத்துப் பெஞ்சில் வைக்கும்படி விமானிக்குச் சைகை காட்டினார்.

அப்போது அவள், தன் கவுன்டரில் எதிரே நிற்கிறவர்களிடம் கேட்கும் அதே குரலில், கவுன்டர் பெண்ணிடம் கேட்டாள்:

“இவரு இறங்கிட்டா எவ்வளவு எடம் இருக்கும்?”

கவுன்டர் பெண் பென்சிலை எடுத்தாள். “எழுபது கிலோ இருக்கும்மா.” அவள் கண் தானாகப் பின்பக்கம் போனது. தீவு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மருந்துப் பெட்டிகள் மூன்று, இடமில்லாமல் இரண்டு வாரமாக அங்கே கிடந்தன. மூன்றும் சேர்ந்து அறுபத்தைந்து. விமானி ஒன்றும் கேட்காமல் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“ஒன்பது கிலோதான் ஜாஸ்தி” என்றார் ஆய்வாளர். “அதுக்குப் போய் எழுபத்தொன்பதையும் இறக்குவாங்களா? இது என்ன கணக்கு?”

“டிக்கெட் அம்மா பேர்ல இருக்கு சார்” என்றாள் கவுன்டர் பெண், மிகுந்த வருத்தம்போல் ஒன்றோடு. “அம்மா சொல்றதுதான்.”

தம் பை உள்ளே இருக்கிறது என்று அவர் சொன்னார். அது எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதாகவும், அதை எடுக்க அத்தனையையும் இறக்க வேண்டும் என்றும், இரண்டாவது பெட்டிக்காகத் திரும்பி வந்த விமானி சொன்னார்.

“பை வரட்டும்” என்றாள் மனைவி. “அதுல இருக்கிற ஃபோம் அக்கா காலுக்கு அண்டக் குடுக்க அளவா இருக்கும். ட்ரைபாடுல துணி காயப்போடலாம்.”

“பெரியவரு?” என்றார்.

“அவரு வரட்டும். பேசாம ஒரு மூலையில இருப்பாரு.”

பெரியவர் இல்லாத கேமராக்களோடு தான் இங்கேயும், கேமரா இல்லாத பெரியவர் அங்கேயும் என்ன செய்வது என்று அவர் கேட்க வாயெடுத்தபோது, அவள் வாக்கரைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஏற்றிய சுமையை இறக்கினால் அதற்கு ஒரு படிவம் உண்டு. ஆளை இறக்கினால் எதை நிரப்புவது என்று கவுன்டர் பெண்ணுக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் யாரையும் இறக்கியதில்லை. இருப்பதையே நிரப்பலாம் என்று சொல்லி, மனைவி தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்து, நின்ற வாக்கிலேயே மளமளவென்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, கிழித்த நகலை அவரிடம் நீட்டினாள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அப்புறம் வெயிலுக்குள் இறங்கி, ஓடுபாதையைக் கடந்து, விமானத்தின் நாலு படியில் ஏறிப்போனாள். திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை திரும்பி வாக்கர் வாசலில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

விமானம் லேசாக எழும்பியது. அன்று பகல் பதினொரு மணிக்கு அக்கா வீட்டில் எட்டு முடிச்சுகளும் ஒரே இழுப்பில் அவிழ்ந்தன.

ஜாக்கெட்டோடு உட்கார முடியாததால் ஆய்வாளர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடியே நகலைப் படித்தார். ‘இறக்கி வைக்கப்பட்ட சரக்கு’ என்பது தலைப்பு. பொருள்: கணவர். எண்ணிக்கை: ஒன்று. எடை: எழுபத்தொன்பது கிலோ. எளிதில் உடையக்கூடியதா: இல்லை. அவசரமாகச் சேர வேண்டியதா: இல்லை. உரிமையாளர் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நாள்: அக்கா நடந்த பிறகு. இறக்கியதற்கான காரணம்: எடை இன்றுதான் தெரிந்தது.

ஆய்வாளர் அதை ஒரு முறைக்கு இரு முறை படித்தார். இருபத்தைந்து வருடத் தொழில் அனுபவம் வீண்போகுமா? தாளில் இருந்த தவறு அவர் கண்ணில் பட்டுவிட்டது. எட்டாவது பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுபத்தொன்பதை அடித்து, எழுபது என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே கோடும் இழுத்தார்.

மற்றபடி அந்தத் தாளில் பிழையென்று எதுவும் அவருக்குத் தென்படவில்லை.